தை மாதம் கண்மாயில் முதல் தூண்டில் போடப் போகிறவருக்கு

கேள்வி: நான் சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவன். பொங்கலுக்கு மனைவியின் ஊருக்குப் போகிறோம், மானாமதுரைப் பக்கம் ஒரு கிராமம். கண்மாயில் தண்ணீர் நிறையக் கிடக்கிறதாம். எட்டு வயது மகன் மீன் பிடித்தே ஆக வேண்டும் என்கிறான். நான் தூண்டிலைத் தொட்டதே இல்லை. மூவாயிரம் ரூபாய்க்கு ராடும் ரீலும் சேர்ந்த செட் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா? வேறு என்னென்ன தெரிந்துகொள்ள வேண்டும்?

பதில்:

தம்பி, அந்த செட்டை இப்போதைக்கு வாங்காதீர்கள். ரீல் என்பது தூரத்தில் வீசுவதற்கான கருவி. கண்மாயில் உங்கள் மகனுக்கு முதலில் சிக்கப்போகிற மீன் எல்லாம் கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடிக்குள்தான் மேய்ந்துகொண்டிருக்கும். அதைத் தாண்டி நாற்பது அடி தள்ளி வீசி என்ன செய்ய? வீசிப் பழகாத கையில் ரீல் இருந்தால் நரம்பு, அதாவது தூண்டிலின் நைலான் இழை, குருவிக்கூடு மாதிரி சிக்கிக்கொள்ளும். அதைப் பிரிப்பதிலேயே காலைப்பொழுது போய்விடும், பையன் வெறுத்துப்போவான். நாற்பது வருஷமாக இந்தச் சிவகங்கைச் சீமைக் கண்மாய்களில் தூண்டில் போடுகிறேன், எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கம்புத் தூண்டிலில் முதல் மீனை எடுத்த பிள்ளைகள்தான் மறுபடி மறுபடி கரைக்கு வந்திருக்கிறார்கள். தூண்டிலில் கைவேலை கொஞ்சம்தான், தண்ணீரைப் பார்க்கிற வேலைதான் அதிகம். வெறும் கம்பும், மீன் கடித்தால் ஆடிக் காட்டுகிற மிதப்பான தக்கையும் அந்தப் பார்வையைப் பழக்கிவிடும்.

ஆனால் கம்பு வெட்டுவதற்கும் முன்னால் ஒரு காரியம் இருக்கிறது. கண்மாய் ஊருக்குப் பொது என்றாலும் அதிலுள்ள மீனுக்குப் பெரும்பாலும் ஒரு உரிமைக்காரர் இருப்பார். மீன்பாசி ஏலம் என்று விடுவார்கள். ஏலம் எடுத்தவர் கைக்காசு போட்டு கட்லா, ரோகு, மிர்கால், புல்கெண்டைக் குஞ்சுகளை வாங்கி விட்டிருப்பார். ஊருக்குப் போன அன்றைக்கே உங்கள் மாமனாரிடம் கேளுங்கள்: "மாமா, இந்த வருசம் கம்மாய யாரு ஏலம் எடுத்திருக்காங்க?" அவரையே கூட்டிக்கொண்டு போய் அந்த ஆளைப் பார்த்து, "பய ஆசப்படுறான், கரையில நின்னு கம்புத் தூண்டி போட்டுக்கிறோம், வளப்பு மீன் பட்டா விட்டுர்றோம்" என்று சொல்லுங்கள். எனக்குத் தெரிந்து இப்படி நேரில் வந்து கேட்ட பிள்ளைகளை யாரும் விரட்டியதில்லை. வேண்டாம் என்று அவர் சொன்னால் அதோடு விட்டுவிடுங்கள். உறவுக்காரர் தோட்டத்தில் பண்ணைக்குட்டை இருக்கும், அதில் போடலாம். குடிக்கத் தண்ணீர் எடுக்கிற ஊருணியில் மட்டும் இறங்காதீர்கள், ஊரே சண்டைக்கு வரும், வருவதும் நியாயம்தான்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட வேடந்தாங்கல், கூந்தங்குளம், சித்திரங்குடி போன்ற நீர்நிலைகளில் தூண்டில் நினைப்பே வேண்டாம். மேட்டூர், பவானிசாகர், ஆழியாறு மாதிரி அணைகளில் மீன்பிடிக்க உரிமமும் முறையும் இருக்கின்றன, அங்குள்ள மீன்வளத் துறைக்காரர்களிடம் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். சென்னையிலேயே பழகிப் பார்க்க வேண்டுமென்றால் சேத்துப்பட்டு ஏரிப் பூங்காவில் தூண்டிலுக்கு இடம் இருக்கிறது, கட்டணத்தையும் நேரத்தையும் விசாரித்துக்கொண்டு போங்கள்.

இனிச் சாமான்கள். மூங்கில் கழி ஒன்று, உங்களுக்கு எட்டடி, பையனுக்கு ஆறடி. அடி பெருவிரல் கனம் இருக்கட்டும், நுனி சுண்டினால் வளைய வேண்டும். பச்சைக் கழி கனக்கும், பையனுக்குக் கை வலிக்கும். நாலு நாள் நிழலில் காய்ந்த கழிதான் நல்லது. நைலான் நரம்பை எங்கள் பக்கத்துக் கடைகளில் தங்கூஸ் என்று கேட்டால் தருவார்கள். 0.25 மில்லிமீட்டர் கனம் போதும். தடித்த நரம்பு வாங்கினால் பெரிய மீன் வரும் என்று நினைக்காதீர்கள். தடித்த நரம்பு தண்ணீரில் சுருள் சுருளாக நிற்கும், மீன் இரையை முகர்ந்துவிட்டு ஒதுங்கிவிடும். தூண்டில் முள்ளில் எண் கூடக் கூட அளவு சின்னதாகும் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 10ஆம் நம்பர் முள் பத்தும் 8ஆம் நம்பர் ஐந்தும் வாங்குங்கள். கூடவே மிளகு அளவு ஈயக் குண்டு ஒரு கைப்பிடி, ஒரு சின்னக் குறடு. கழியைத் தவிர மற்றதெல்லாம் சேர்ந்து நூறு, நூற்றைம்பது ரூபாய்க்குள் அடங்கிவிடும்.

தக்கைக்குக் கடைக்குப் போக வேண்டாம். தேய்ந்த ரப்பர் செருப்பில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு துண்டு அறுத்து, நடுவில் ஊசியால் துளை போட்டு நரம்பைக் கோத்து, ஒரு ஈர்க்குச்சித் துண்டைச் செருகினால் நிற்கும். குச்சியைத் தளர்த்தினால் தக்கையை ஏற்றி இறக்கலாம். நெட்டி, அதாவது தண்ணீரில் வளர்கிற லேசான செடித் தண்டு, கிடைத்தால் இன்னும் விசேஷம், மீன் மூச்சுவிட்டால்கூட ஆடும்.

நரம்பின் நீளத்தில்தான் பலரும் தப்பு செய்கிறார்கள். கம்பு எத்தனை அடியோ நரம்பும் அத்தனை அடி இருக்கட்டும். கம்பைச் செங்குத்தாகத் தூக்கினால் முள் நேராக உங்கள் இடுப்புக்கு, கைக்கு வந்து சேரும். நீளமாக விட்டால் மீன் பட்டதும் அது பின்னால் பறந்து கருவேல மரத்தில் மாட்டும், அல்லது பக்கத்தில் நிற்கிற பிள்ளையின் முகத்துக்குப் போகும். முள்ளுக்கு நாலு விரற்கடை மேலே ஈயக் குண்டைப் பல்லால் கடிக்காமல் குறடால் அமுக்கிப் பிடிக்கவையுங்கள். ஈயம் விஷம், பையன் உங்களைப் பார்த்துத்தான் பழகுவான். தக்கை பாதி முழுகி, பாதி வெளியே நிற்கிற அளவுக்குக் குண்டு இருந்தால் சரி. முழுத் தக்கையும் மிதந்து கிடந்தால் மீன் இழுக்கிறபோது அந்தக் கனம் அதற்குத் தெரிந்துவிடும், இரையைத் துப்பிவிடும்.

முள் கட்டுகிற முடிச்சை வீட்டிலேயே பத்துத் தடவை கட்டிப் பழகுங்கள். நரம்பின் நுனியை முள்ளின் காதுக்குள் விட்டு ஒரு சாண் வெளியே எடுங்கள். அந்த நுனியை மூல நரம்பின் மேலேயே ஐந்து சுற்று சுற்றுங்கள். இப்போது காதை ஒட்டி ஒரு சின்ன வளையம் தெரியும், நுனியை அதற்குள் நுழையுங்கள். இறுக்குவதற்கு முன்னால் முடிச்சை எச்சிலால் நனையுங்கள், இதை விட்டுவிடாதீர்கள். நனைக்காமல் இழுத்தால் நைலான் உரசிச் சூடாகி அந்த இடத்திலேயே பலம் குறைந்துபோகும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது, நல்ல மீன் பட்ட அன்றைக்குத்தான் தெரியும். பதினாலு வயதில் நான் ஒரு விராலை அப்படித்தான் தொலைத்தேன். கரைக்கு ஒரு முழம் இருக்கிறபோது நரம்பு லேசாகிப் போனது. எடுத்துப் பார்த்தால் முடிச்சு இருந்த நுனி பன்றிமுடி மாதிரி சுருண்டிருந்தது. அறுத்துக்கொண்டு போன அந்த மீனின் வாயில் என் முள் இருந்தது என்பதுதான் இன்றைக்கும் மனசுக்குக் கஷ்டம்.

அதனால் இன்னொன்றும் செய்யுங்கள். முள்ளின் நுனிக்குக் கொஞ்சம் கீழே, பின்பக்கம் பார்த்தபடி சின்னதாக ஒரு எதிர்முள் இருக்கும். குறடால் அதை அமுக்கித் தட்டையாக்கிவிடுங்கள். நரம்பை இறுக்கமாக வைத்திருந்தால் மீன் ஒன்றும் தப்பாது. விடவேண்டிய மீனைக் காயமில்லாமல் விடலாம். பையன் விரலில் ஏறினாலும் வந்த வழியே வழுக்கி வந்துவிடும். எதிர்முள் இருக்கிற முள் ஆழமாக ஏறிவிட்டால் பிய்க்காதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போய் எடுத்து ரணஜன்னி வராமலிருக்க டி.டி. ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணுக்குப் பக்கத்தில் என்றால் கையே வைக்கக் கூடாது. பையனுக்குத் தொப்பியும், சாதாரணக் கண்ணாடி ஒன்றும் போட்டுவிடுங்கள்.

இரைக்கு மண்புழுவை மிஞ்சியது இல்லை. மாமியார் வீட்டில் பாத்திரம் கழுவுகிற தண்ணீர் ஓடிப் பாய்கிற வாழையடியில் ஒரு கொத்துக் கொத்தினால் கிடைக்கும். கொட்டாங்குச்சியில் ஈரமண் போட்டு அதில் விட்டு, மேலே ஒரு இலையை மூடி நிழலில் வையுங்கள். முழுப் புழுவையும் கோக்க வேண்டாம். இரண்டு அங்குலத் துண்டை முள்ளின் வளைவு மறையும்படி ஏற்றி, அரை அங்குலம் நெளியும்படி தொங்கவிடுங்கள். ரொம்பத் தொங்கினால் கெண்டைப்பொடி என்கிற சின்னக் கெண்டை மீன் அதை மட்டும் கத்தரித்துக்கொண்டு போய்விடும். புழுவைத் தொடப் பையன் அருவருத்தால் கட்டாயப்படுத்த வேண்டாம், கோதுமை மாவோ மைதாவோ பிசைந்துகொள்ளுங்கள். சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாக, அதில் பஞ்சை மெல்லிசாகப் பிய்த்துப் போட்டுப் பிசைந்தால் தண்ணீரில் சீக்கிரம் கரையாது. பட்டாணி அளவு உருண்டை போதும். ரோகு, கட்லாவுக்குக் கடலைப் புண்ணாக்கைப் பொடித்துக் கலப்பார்கள். அவை ஏலக்காரர் மீன், அதை விட்டுவிடுங்கள்.

இப்போது கரைக்கு வருவோம். போனவுடன் தூண்டிலை உள்ளே போடாதீர்கள். வெயில் முகத்தில் அடிக்காத பக்கமாக உட்கார்ந்து ஒரு கால் மணி நேரம் தண்ணீரை மட்டும் பாருங்கள். பையனையும் பார்க்கச் சொல்லுங்கள், யார் முதலில் என்ன கண்டுபிடிக்கிறார்கள் என்று விளையாட்டாகவே செய்யலாம். கரையோரம் ஒரு முழ ஆழத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்ட வட்டமாகப் பள்ளம் தெரிந்தால், அது ஜிலேபிக் கெண்டையின் ஆண் மீன் பறித்த குழி. அந்தக் குழிக்குள் எது வந்தாலும் அது சீறிக்கொண்டு வந்து கவ்வும், ஆரம்பக்காரருக்கு அதைவிடச் சுலபமான இலக்கு கிடையாது. பெண் மீன் அங்கே முட்டையிட்டு, அந்த முட்டைகளைத் தன் வாயிலேயே அள்ளிக்கொண்டு போய்ப் பொரிக்கும். குஞ்சு பொரித்த பிறகும் ஆபத்து வந்தால் எல்லாம் தாயின் வாய்க்குள் ஓடிப் புகுந்துகொள்ளும். தூண்டிலில் வந்த ஜிலேபியின் வாயிலிருந்து கடுகு கடுகாகக் குஞ்சு கொட்டியதை நான் பார்த்திருக்கிறேன். அப்படி வந்தால் உங்கள் மகனுக்குக் காட்டுங்கள், வாழ்நாளுக்கும் மறக்க மாட்டான்.

தாமரை, அல்லி இலைகளுக்கு நடுவில் 'ப்ளக்' என்று ஒரு சத்தம், இலை ஓரத்தில் ஒரு வளையம் வந்தால் அது விரால். விராலுக்குச் செவுள் மட்டும் போதாது, மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டுப் போகும். அதனால்தான் கண்மாய் வற்றிச் சேறாகிற வரைக்கும் அது உயிரோடு கிடக்கிறது. ஒரே இடத்தில் பொடிக் குமிழிகள் வரிசையாகக் கிளம்பி மெல்ல நகர்ந்தால், அடியில் ஏதோ ஒரு மீன் சேற்றைக் கிளறி மேய்கிறது. நகராமல் ஒரே இடத்தில் வருகிற குமிழி வெறும் சேற்றுக் காற்று, அதை நம்பி உட்காராதீர்கள். நீர்க்காகம் எங்கே முழுகுகிறது என்று பாருங்கள், வரத்துக்கால் எங்கே வந்து சேர்கிறது என்று பாருங்கள். தண்ணீர் ஓடிவந்து தேங்குகிற இடத்தில் இரையும் வந்து சேரும், மீனும் வந்து சேரும்.

ஆழத்தையும் கணக்குப் பண்ண வேண்டும். மீனின் வாயைப் பார்த்தாலே அது எங்கே மேயும் என்று தெரியும். கட்லாவுக்கு வாய் மேல்நோக்கித் திறக்கும், அது மேல்தண்ணீரில் மேயும். ரோகு நடுத்தண்ணீரில். மிர்காலுக்கு வாய் கீழ்நோக்கி இருக்கும், அது அடியில். வளர்ப்புக்காரர்கள் மூன்றையும் ஒன்றாக விடுவதே ஒன்றின் தீனிக்கு இன்னொன்று போட்டியாகாது என்றுதான். உங்களுக்கு வேண்டிய கெண்டைப்பொடி, ஜிலேபிக்கு இரை தரையிலிருந்து ஒரு சாண் மேலே நிற்கட்டும். நாட்டுக் கெளுத்திக்கும் ஆரலுக்கும் தரையைத் தொட்டுக் கிடக்கட்டும். தக்கை படுத்துக் கிடந்தால் முள் தரையில் படுத்திருக்கிறது என்று அர்த்தம். எழுந்து நிற்கும்வரை தக்கையைக் கீழிறக்கினால் ஆழம் தெரிந்துவிடும்.

நேரத்தைப் பற்றி எல்லோரும் 'விடியற்காலை போ' என்பார்கள். சித்திரை, வைகாசிக்கு அது சரி. தை மாதத்தில் விடியற்காலைத் தண்ணீர் குளிர்ந்து கிடக்கும், மீன் மந்தமாக இருக்கும். பையனை ஐந்து மணிக்கு எழுப்பிப் பனியில் நிறுத்தாதீர்கள். எட்டு மணிக்கு மேல் கரையோரத் தண்ணீரில் வெயில் ஏறட்டும். எட்டரையிலிருந்து பதினொன்று வரை நல்ல நேரம், சாயங்காலம் நாலிலிருந்து இருட்டுவதற்கு முன் வரை இன்னொரு நல்ல நேரம். பச்சைப்பசேலென்று பாசி பிடித்த குட்டையில் விடியும்போது மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் பசி என்று நினைக்காதீர்கள். ராத்திரி முழுக்கப் பாசியும் சேர்ந்து தண்ணீரிலுள்ள பிராணவாயுவைக் குடித்துவிட்டதால் அவை மூச்சுத் திணறுகின்றன. அப்போது எந்த மீனும் இரையெடுக்காது.

தக்கை ஆட ஆரம்பித்ததும் கை பரபரக்கும். பொறுங்கள். டக் டக்கென்று துடித்துத் துடித்து நின்றால் கெண்டைப்பொடி கொறிக்கிறது, இழுத்தால் வெறும் முள்தான் வரும். தக்கை சாய்ந்து ஒரு பக்கமாக நடக்க ஆரம்பித்தால் ஜிலேபி, அப்போது எடுக்கலாம். கெளுத்தி இழுத்துக்கொண்டு நேராக உள்ளே போகும். அதற்கு நேரம் கொடுக்காதீர்கள், முள்ளைத் தொண்டைவரைக்கும் விழுங்கிவிடும். எடுப்பது என்றால் வேலியைப் பிடுங்குகிற மாதிரி இல்லை. மணிக்கட்டை மட்டும் ஒரு வெட்டு, ஒரு சாண் மேலே, அவ்வளவுதான். கனம் தெரிந்த பிறகு நிதானமாகத் தூக்குங்கள். பையனுக்குப் பின்னால் நிற்காதீர்கள், பக்கவாட்டில் நில்லுங்கள். பத்து நிமிஷம் ஒன்றும் அசையவில்லையென்றால் பத்தடி தள்ளிப் போய் உட்காருங்கள்.

மீன் கைக்கு வந்த பிறகு நடப்பதில்தான் எனக்கு அக்கறை அதிகம். பிடிப்பதற்கு முன் கையை நனையுங்கள். மீன் உடம்பில் இருக்கிற வழுவழுப்பு அதற்கு நோய் அண்டாமல் காக்கிற தோல், காய்ந்த கை அதைத் துடைத்தெடுத்துவிடும். ஜிலேபியின் முதுகுத்துடுப்பு முள்ளாக நிற்கும், தலைப்பக்கத்திலிருந்து கையை வழித்துக்கொண்டு போய்த் துடுப்பை அமுக்கிப் பிடித்தால் குத்தாது. கெளுத்தி விஷயத்தில் பையனைக் கிட்டவே விடாதீர்கள். முதுகில் ஒன்று, செவுளுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்று என்று மூன்று முள், ரம்பம் மாதிரி. தண்ணீரைவிட்டு வெளியே வந்ததும் அந்த முள்ளை விறைத்துக்கொண்டு 'கீர் கீர்' என்று சத்தம் போடும். கெளுத்தி மாதிரியே மீசையுள்ள தேளி மீன் குத்தினால் பெயருக்கேற்ற மாதிரி தேள்கடிதான்.

பத்து வயதில் எனக்குக் கட்டைவிரலில் கெளுத்தி குத்தியது. தோள்பட்டை வரைக்கும் ஏறியது வலி, கத்திக்கொண்டே வீட்டுக்கு ஓடினேன். அப்பத்தா ஒன்றும் கேட்கவில்லை. அடுப்பில் சோற்றுக்கு வைத்திருந்த உலைத்தண்ணீரைச் சட்டியில் மொண்டு, பச்சைத்தண்ணீர் விளாவி, முதலில் தன் முழங்கையை அதில் விட்டுப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்து உள்ளே வைத்தாள். ஆறினால் மறுபடி சுடுதண்ணீர், மறுபடி முழங்கை. அரை மணி நேரத்தில் அழுகை நின்றுவிட்டது. அந்த விஷம் சூட்டுக்குத் தாங்காது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பொறுக்கிற சூடுதான் வைக்க வேண்டும், கை வெந்துவிடக் கூடாது. வலியில் பிள்ளைக்குச் சூடு தெரியாது, அதனால் அப்பத்தா செய்த மாதிரி நீங்கள் முதலில் உங்கள் கையை விட்டுப் பாருங்கள். முள் ஒடிந்து உள்ளே நின்றாலோ வீக்கம் ஏறினாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? ஜிலேபியை எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். அது நம் நாட்டு மீன் கிடையாது. மொசாம்பிக் திலாப்பியா என்ற பெயரில் 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, எல்லா நீர்நிலையிலும் பரவி, நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. மீசை நீண்ட பெரிய ஆப்பிரிக்கக் கெளுத்தி சிக்கினால் திரும்பத் தண்ணீரில் விடவே கூடாது. வளர்க்கத் தடை செய்யப்பட்ட மீன் அது, கண்ணில் பட்ட எல்லாக் குஞ்சையும் தின்னும். வயிறு உப்பிய சினை மீனாக எந்த நாட்டு மீன் வந்தாலும் விட்டுவிடுங்கள். செம்மஞ்சள் நிறத்தில் பொடிக் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து வந்து போகிற இடத்தில் தூண்டிலே போடாதீர்கள். அவை விரால் குஞ்சுகள், கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கின்றன. அந்த நேரத்தில் குஞ்சுக்குப் பக்கத்தில் எது விழுந்தாலும் அவை பாய்ந்து கவ்வும், அதனால் பிடிப்பது சுலபம். பிடித்துவிட்டால் அத்தனை குஞ்சும் ஒரே நாளில் மற்ற மீனுக்கு இரையாகிவிடும். என் ஊர்க் கண்மாயில் விரால் அருகிப்போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். விராலுக்காக உயிர்த் தவளையை முள்ளில் மாட்டுவதையும் நான் செய்வதில்லை. ரப்பர் தவளை கடையில் கிடைக்கிறது, பையன் பெரியவனான பிறகு அதைப் பழகலாம்.

காவிரி, மோயாறு பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முதுகில் திமிலோடு பெரிய செதில் உள்ள மகசீர் மீன் ஒருவேளை பட்டுவிட்டால் தண்ணீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றி விட்டுவிடுங்கள். உலகத்திலேயே காவிரியிலும் அதன் கிளைகளிலும் மட்டும் இருக்கிற இனம் அது. 2018இல் மிக அருகிய இனங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டுவிட்டது. ஆமை மாட்டினாலும் அப்படித்தான், நம் கண்மாய்களில் இருக்கிற பாலாமை சட்டத்தால் காக்கப்படுகிற உயிர். தண்ணீர்ப் பாம்பு பக்கத்தில் நீந்திப் போனால் கம்பால் அடிக்க வேண்டாம், நீர்க்கோலிக்கு விஷமில்லை, அதன் வழியில் போய்விடும். தோட்டா வெடி போட்டு, விஷ மருந்து கலந்து பிடிக்கிற ஆட்கள் யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள். 1897ஆம் வருஷத்து மீன்வளச் சட்டத்திலேயே அது குற்றம்.

இனி ஆபத்து. மீன் கிடைக்காவிட்டால் போகிறது, இதை மட்டும் விடாமல் படியுங்கள். கண்மாய் பார்க்க அமைதியாக இருக்கும். உள்ளே மண் எடுத்த குழிகள் கிடக்கும். முழங்கால் தண்ணீரில் நடந்து போகிற பெரிய ஆளே அடுத்த எட்டில் தலைக்குமேல் முழுகிவிடுவார். வயலுக்குத் தண்ணீர் விடுகிற மடை திறந்திருந்தால் அதன் பக்கத்துத் தண்ணீர் ஆளை இழுக்கும், மேலே ஒன்றுமே தெரியாது. கண்மாய் நிரம்பி மிச்சத் தண்ணீர் வெளியேறுகிற கலுங்கில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தால் பாசி வழுக்கும். ஆகவே மடைக்கும் கலுங்குக்கும் எட்ட, சரிவு குறைந்த கரையாகப் பார்த்து உட்காருங்கள். எந்த இடம் என்று உங்கள் மாமனாரைக் காட்டச் சொல்லுங்கள், உள்ளூர்க்காரருக்குக் குழி இருக்கிற இடமெல்லாம் தெரியும். பையன் எப்போதும் உங்கள் கை எட்டுகிற தூரத்தில் இருக்கட்டும். முள் தண்ணீருக்குள் எதிலாவது சிக்கினால் இறங்கி எடுக்கக் கூடாது, நரம்பை அறுத்துவிடுங்கள். முள்ளின் விலை சில ரூபாய்.

காலி ஐந்து லிட்டர் கேன் ஒன்றை மூடியை இறுக்கி, இருபதடிக் கயிற்றில் கட்டிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். யாராவது விழுந்தால் நீங்களும் குதிக்காமல் அதை வீச வேண்டும். நீச்சல் தெரியாதவர் காப்பாற்றக் குதித்து இரண்டு பேராகப் போன கதை எங்கள் தாலுகாவிலேயே உண்டு. கரையோரம் மோட்டாருக்கு இழுத்த வயரும், தலைக்குமேல் கரண்டுக் கம்பியும் இருந்தால் அங்கே கம்பைத் தூக்காதீர்கள். ஈர மூங்கிலில் மின்சாரம் பாயும், கடையில் விற்கிற கார்பன் ராடில் இன்னும் மோசமாகப் பாயும். காலில் புண் இருந்தால் தண்ணீரில் வைக்க வேண்டாம், எலிக்காய்ச்சல் அந்த வழியாகத்தான் வரும். சீமைக்கருவேல முள் செருப்பையும் துளைக்கும், ஷூ போட்டுப் போங்கள். கொள்ளிடம், அமராவதி அணை, ஒகேனக்கல் பக்கம் இதே வேலைக்குப் போகிறவர்கள் முதலையையும் கணக்கில் வைக்க வேண்டும், உங்கள் கண்மாயில் அந்தப் பயமில்லை.

அறுந்த நரம்பைக் கரையில் போடாதீர்கள். போன வருஷம் ஒரு கொக்கு, இரண்டு காலும் சேர்ந்து நைலானில் சுற்றிக்கொண்டு, கருவேல மரத்தில் தலைகீழாகத் தொங்கியது. இறக்கிப் பார்த்தபோது நரம்பு தோலுக்குள் போய் எலும்பில் பதிந்திருந்தது. யாரோ ஒருவர் கைநீளம் அறுத்துப் போட்ட துண்டு. பையனிடம் ஒரு தீப்பெட்டியைக் கொடுத்து, வெட்டுகிற ஒவ்வொரு துண்டையும் அதில் சேர்க்கிற வேலையை ஒப்படைத்துவிடுங்கள்.

சமைக்கப் போகிற மீனை ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வையுங்கள். வாளித் தண்ணீரில் போட்டு வைத்தால் ஒரு மணி நேரத்தில் செத்து உப்பிவிடும். ஜிலேபியில் சேற்று வாடை இருக்கும். கல்லுப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்து, புளித்தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்து அலசினால் போய்விடும். அதற்குமேல் மாமியார் பார்த்துக்கொள்வார்.

எட்டு வயதுப் பிள்ளை ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தால் பெரிது. அதற்குமேல் இழுக்காதீர்கள், மறுநாள் அவனே கூப்பிடுவான். வீசுகிற ரீலை அவனுக்குப் பத்து வயது ஆன பிறகு, ஆறடி ராடு ஒன்றோடு வாங்கிக்கொடுக்கலாம். கழிக்காகவும் அலைய வேண்டாம். அந்தப் பக்கத்து ஓட்டு வீடுகளில் கூரையோரத்து எரவாணத்தில் ஒரு பழைய தூண்டில் கம்பு செருகியிருக்கும், போனதும் மாமனாரிடம் கேட்டுப் பாருங்கள். நரம்பையும் முள்ளையும் மட்டும் புதிதாக மாற்றிக்கொண்டால் போதும்.